தீவுக்குப் போன நாற்பத்துமூன்று கடிதங்கள்

ஒரு கடிதக் கட்டுக்கு ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றக் கூடாது, பிள்ளைகளே. மூன்றாவது சுற்று விழுந்தால் ஓரத்துக் கடிதம் இடுப்பு பிடித்துக்கொண்டவர் மாதிரி வளைந்துபோகும். மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் அந்தக் கட்டை யாரோ நான்கு சுற்று சுற்றியிருக்கிறார்கள். நான் சுற்றியது இரண்டுதான். வாக்குமூலம் எழுதுகிற பிள்ளை அதையும் குறித்துக்கொள்ளட்டும். செய்யாததை என் தலையில் கட்ட வேண்டாம். செய்ததையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன். கை வலித்தால் சொல் கண்ணு, நிறுத்துகிறேன்.

எங்கள் கூடத்தில் என்ன வேலை என்று முதலில் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனி ஐயாயிரம் பேருக்கு, ஐம்பதாயிரம் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்ப வேண்டுமென்றால் எங்களிடம் வரும். மடிப்போம், உறையில் போடுவோம், ஒட்டுவோம். அதோடு முடியாது. தபால் எண் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கட்டு கட்டி, அந்த எண் அச்சிட்ட சீட்டை மேலே ஒட்டி, தட்டுகளில் அடுக்கி வண்டியில் ஏற்றுவோம். தபால் நிலையம் கட்டைப் பிரித்துப் பார்க்காது. மேலே என்ன சீட்டோ, அந்த ஊருக்குப் போகும். கல்யாண வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாறிப்போனால்கூடச் சமாளித்துவிடலாம். சீட்டு மாறினால் சமாளிக்க முடியாது.

தபால் நிலைய வாசலில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். ஒவ்வொரு லோடிலும் நான்கு கட்டுகளை மட்டும் எடுத்துச் சோதிப்பார். ஒன்றில் தப்பு இருந்தாலும் முழு லோடும் திரும்பிவிடும். பின்னால் தப்பு தெரிந்து ஒரே ஒரு கட்டு திரும்பி வந்தாலும் எங்களுக்கு அது திரும்பியதுதான்.

அதற்காகவே கூடத்துச் சுவரில் ஒரு கரும்பலகை. 'திரும்பாத நாட்கள்' என்று தலைப்பு. கீழே ஒரே ஓர் எண். தினமும் காலையில் பழைய எண்ணைத் துடைத்துப் புதிய எண்ணை எழுதுவது நான்தான். மேசைத் தலைவி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. மற்றப் பெண்கள் பேரப்பிள்ளைகளின் உயரத்தைக் கதவில் கோடு போட்டு வைப்பார்கள். எனக்குக் கதவு காலியாக இருந்தது. பலகை நிறைந்தது.

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டியபோது எங்கள் முதலாளி வாய் தவறி ஒன்று சொல்லிவிட்டார். “மூவாயிரத்தைத் தொடுங்க, உங்க எல்லாரையும் ராட்சத ராட்டினத்துல ஏத்துறேன்.” ஆற்றங்கரை மைதானத்தில் அப்போதுதான் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். உறை போடும் மேசையில் ஒருத்தி இருக்கிறாள், மிளகாய் என்று கூப்பிடுவோம், ஆள் சின்னது, காரம் பெரிது. அவள் கேட்டாள்: “நீங்களும் ஏறுவீங்களா முதலாளி, இல்ல கீழ நின்னு எங்க செருப்பைப் பாத்துக்குவீங்களா?” அன்றிலிருந்து கூடமே பள்ளிக்கூடம் விடப்போகிற மாதிரி ஆகிவிட்டது. மடிப்பு இயந்திரக்காரர் ஒட்டடைக்கம்பு, ஆறடிக்கு மேல் இருப்பார், இயந்திரத்தின் தாளத்துக்கு இடுப்பை ஆட்ட ஆரம்பித்தார். எனக்கு அறுபத்தொரு வயது. நானும் ஆட்டினேன்.

மூவாயிரமாவது நாளுக்கு வந்த வேலைதான் ஹீட்டர் கம்பெனிக் கடிதம். ஆறாயிரத்துச் சொச்சம். மடிப்பு சரியா என்று முதல் தாளை நான் பார்க்க வேண்டும், பார்க்கும்போது படித்துவிட்டேன். குளியலறையில் மாட்டுகிற கேஸ் ஹீட்டர். சிலவற்றில் குழாய் சரியாகப் பொருந்தவில்லையாம். ஜன்னல் மூடிய அறையில் நிறமோ மணமோ இல்லாத நச்சுக் காற்று சேருமாம். முதலில் தலை கிறுகிறுக்கும். உடனே அணைத்துவிடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், எங்கள் ஆள் வந்து சரிசெய்வார். நல்ல கடிதம். சுருக்கமாக, மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

என் தங்கை வீட்டில் அந்த ஹீட்டர்தான் இருந்தது. அவளோடு கடைக்குப் போய் நிறம் பார்த்து வாங்கியதே நான்தான். பட்டியலிலும் அவள் பெயர் இருந்தது. இரண்டு நாளில் தபால்காரரே சொல்லிவிடுவார், நான் எதற்கு முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். கடிதம் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பதை வெளியே சொல்ல மாட்டோம் என்று நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கையெழுத்துக்கு மதிப்புக் கொடுக்கிறவள் நான்.

தங்கையைப் பற்றி இரண்டு வார்த்தை. வீட்டில் அவளுக்குச் சில்லறை என்று பெயர். சிரித்தால் உண்டியல் உடைந்து சில்லறை சிதறுகிற மாதிரி இருக்கும், பொறுக்கி மாளாது. ஐம்பத்தெட்டு வயதிலும் அப்படித்தான். தனியாக இருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, போனை முக்காலியில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டு என்னோடு பேசுவாள். தினமும்.

இப்போது சீட்டு விஷயம். சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தாளிலிருந்து உரித்தால் நேரமாகும். நான் பத்துப் பதினைந்தை ஒரேயடியாக உரித்து, இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வரிசையாக ஒட்டிக்கொள்வேன், வளையல் மாதிரி. கட்டு வர வர ஒன்றாக எடுத்து ஒட்டுவேன். பத்து வருடமாக அப்படித்தான். அன்று கடைசித் தட்டு வந்தபோது மிளகாய் கை தட்டிப் பாட ஆரம்பித்தாள், ஒட்டடைக்கம்பு என் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். ராட்டினத்துக்கு ஒத்திகையாம். நான் சிரித்துக்கொண்டே சுற்றி வந்து, கையைப் பார்க்காமல் அடுத்த சீட்டை எடுத்து ஒட்டினேன். வண்டி போன பிறகு கை கழுவும்போது பார்த்தேன், முழங்கைக்கு அருகில் ஒரு சீட்டு மிச்சம். தங்கை தெருவின் எண்.

மிச்சமிருந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் புரியும். அந்தத் தெருவின் நாற்பத்துமூன்று கடிதங்கள் வேறு சீட்டோடு போய்விட்டன. கடலுக்குள் இருக்கும் ஒரு தீவின் சீட்டு அன்று இரண்டாக அச்சாகியிருந்தது. இரண்டாவதைக் கழித்துப் போட வேண்டிய மேசைத் தலைவி போடவில்லை, அதுதான் தங்கை தெருக் கட்டில் ஏறிவிட்டது. தீவுக்கு வாரம் ஒரு கப்பல்.

தபால் நிலையத்து மனிதர் சோதித்த நான்கு கட்டுகளும் முத்து முத்தாக இருந்தனவாம். முத்திரை குத்திவிட்டார். மதியம் மூன்று மணிக்கு நாங்கள் பதினொரு பேரும் ராட்டினத்தில் இருந்தோம்.

நீங்கள் ஏறியிருக்கிறீர்களா? வயிறு தொண்டைக்கு வரும், தொண்டை தலைக்கு வரும், தலை எங்கே போகிறதென்று தெரியாது. முதலாளி உச்சியில் போய் நின்றதும் கண்ணை மூடிக்கொண்டு, “இறக்குங்கடா, நாளைக்கு எல்லாருக்கும் லீவு தர்றேன்,” என்று கத்தினார். மிளகாய் பக்கத்துப் பெட்டியிலிருந்து, “எழுதிக் குடுங்க முதலாளி, அப்பதான் இறக்குவோம்,” என்றாள். எங்கள் வண்டிக்காரர் வாயைப் பிளந்து சிரித்தார். மேல் வரிசைப் பல்செட் அப்படியே கழன்று கீழே போய், பஞ்சுமிட்டாய் விற்கிறவரின் இரும்புச் சட்டியில் விழுந்து சுற்ற ஆரம்பித்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் ரோஸ் நிறப் பஞ்சு சுற்றிய பல். அவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இனிக்குதுப்பா,” என்றார். அவ்வளவு சிரிப்பை நான் என் ஆயுளில் சிரித்ததில்லை.

உச்சியிலிருந்து ஊர் முழுவதும் தெரிந்தது. எனக்கு ஊர் என்றால் தெருக்கள் இல்லை, எண்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் எண், பாலம் தாண்டினால் வேறு எண். தங்கை தெருவும் தெரிந்தது. அந்தத் தெருக் கடிதங்கள் நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கின்றன என்று நினைத்தேன். அதற்கும் சிரிப்பு வந்தது. மேலே காற்று அப்படி.

எழுதுகிற பிள்ளை, ஒரு வரியைத் திருத்திவிடு கண்ணு. வண்டி போன பிறகு கை கழுவினேன் என்று சொன்னேன். போகவில்லை. வாசலில்தான் நின்றது. வண்டிக்காரர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “என்ன தலைவி, கெளம்பட்டா?” என்று கேட்டார். நான் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, “கெளம்புங்க, ராட்டினம் காத்துக்கிட்டு இருக்கு,” என்றேன். நிறுத்தியிருந்தால் எல்லாத் தட்டையும் இறக்கி அந்த ஒரு கட்டைத் தேட வேண்டும். லோடு அன்று போகாது. லோடு போகாத நாள் பலகையில் ஏறாது. மற்றப் பத்துப் பேரும் தலையைச் சீவி, பவுடர் போட்டு நிற்கும்போது அவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்கு இளகிய மனசு.

தங்கைக்கு அந்தப் பல் கதை அப்படிப் பிடித்துப்போயிற்று. அன்று சாயங்காலம் சொன்னேன். மறுநாளும் சொல்லச் சொன்னாள். மூன்றாம் நாள் நல்ல மழை. ஆறு மணிக்குப் போன் வந்தது, பின்னால் தண்ணீர்ச் சத்தம்.

“அக்கா, மொதல்ல ஒண்ணு கேக்கணும். பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் ஹீட்டர் கம்பெனில இருந்து ஏதோ கடுதாசி வந்துருக்காம். பால் போடுறவர் சொன்னாரு. எங்க தெருவுக்கு ஒண்ணும் வரல. உங்க கூடத்துலேருந்துதானே போயிருக்கும்? என்ன கடுதாசி அது?”

நான் சொன்னேன்: “ஏதாவது விளம்பரமா இருக்கும்டி. வந்தா வரட்டும்.”

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தங்கையை உங்களுக்குத் தெரியாது. அவளிடம் ஒன்றைச் சொன்னால் நாற்பத்துமூன்று வீட்டுக்கும் சொன்ன மாதிரி. அக்காதான் சொன்னாள் என்று வேறு சொல்லுவாள். அப்புறம் எங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், தபால் நிலையம் தேடும், பலகை பூஜ்யமாகிவிடும். அன்று பலகையில் மூவாயிரத்து இரண்டு.

ஆனாலும் நான் கேட்டேன். அதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள். “ஜன்னல் தெறந்திருக்கா?” என்று கேட்டேன்.

“சாத்திட்டேன்க்கா, சாரல் அடிக்குது. ஏன்?”

“ஒண்ணுமில்ல. மழைச் சத்தம் கேக்குதேன்னு கேட்டேன்.”

“அதை விடு, அந்தப் பல் கதையைச் சொல்லு. பஞ்சுமிட்டாய்க்காரர் முகத்துலேருந்து ஆரம்பி.”

சொன்னேன். அன்று சொன்ன மாதிரி நான் எந்த நாளும் சொன்னதில்லை. முதலாளி குரல், மிளகாய் குரல், பல் இல்லாத வண்டிக்காரர் குரல், எல்லாம் தானாக வந்தன. இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன், பல்லை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடிய மாதிரி, நாய் சிரித்த மாதிரி. அவள் தொட்டியில் புரண்டு புரண்டு சிரித்தாள். “போதும்க்கா, நிறுத்து, வயிறு வலிக்குது,” என்றாள். பிறகு, “தலை கிறுகிறுன்னு வருதுக்கா, நானும் உன் ராட்டினத்துல ஏறிட்டேன் போல,” என்றாள்.

“சிரிச்சா அப்படித்தான் வரும். உடம்புக்கு நல்லது,” என்றேன்.

“இன்னொரு தடவை சொல்லு.”

இன்னொரு தடவை சொன்னேன். பாதியில் சில்லறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒன்று, இரண்டு, பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும். நான் கதையை நிறுத்தவில்லை; ஆரம்பித்த கதையைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது. முடித்துவிட்டு இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். தூங்கிவிட்டாள், எழுப்பக் கூடாது என்று நினைத்துப் போனை மெதுவாக வைத்தேன்.

அதே மழையில் அவள் தெருக்கோடி வீட்டுத் தையல்காரரும் அவர் மகளும் போனார்கள். அவர்களை எனக்குப் பழக்கமில்லை. நாற்பத்துமூன்று வீட்டில் இரண்டு வீடு. மற்ற நாற்பத்தொரு வீட்டாரும் நன்றாக இருக்கிறார்கள், அதையும் பார்க்க வேண்டும்.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம் அந்தக் கட்டு வந்தது. தீவுத் தபால்காரர் மேல் கடிதத்தில், 'இந்தத் தெரு இங்கே இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். முதலாளி ஸ்டூலில் ஏறிப் பலகையைத் துடைத்துப் பூஜ்யம் போட்டார். மிளகாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தங்கச்சி நெனப்பு வந்துடுச்சாம்மா?” என்று கேட்டாள். தங்கை போன நாளிலிருந்து நான் அழுதது அப்போதுதான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

நீங்கள் கூப்பிடாமல் நானே வந்ததற்குக் காரணம், தங்கை எப்படிப் போனாள் என்று ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள். தனியாகத் துடித்தாள், யாரையோ கூப்பிட்டாள், கதவைத் தட்டினாள் என்றெல்லாம். ஒன்றும் இல்லை. பக்கத்தில் நான் இருந்தேன். அவள் கடைசிவரைக்கும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். அதற்கு நான்தான் காரணம் என்று எழுதிக்கொள் கண்ணு, கையெழுத்துப் போடுகிறேன்.