இரண்டு செம்மஞ்சள் தொப்பிகள்

ஃபெசான் இறைச்சி கோழியை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் அடுப்பில் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சப்பவே முடியாதாம். என் மகன் ஆரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் சாப்பிட்டதில்லை. நீண்ட வால் உள்ள காட்டுப் பறவை அது, சேவல் நல்ல வடிவு. சிவகலா, இதையும் நீங்கள் நீதவான் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லலாம். எனக்கு அவசரமில்லை.

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது இந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். உங்களைப் போல நானும் மொழிபெயர்ப்பாளன்தான். பொலிஸ், வைத்தியசாலை, அகதி விசாரணை என்று நீங்கள் இப்போது இருக்கும் கதிரையில் எத்தனையோ முறை இருந்திருக்கிறேன். ஆனால் பிரெஞ்சில் வாயைத் திறந்தால் மற்றவர்களுடைய வாக்கியங்கள்தான் எனக்கு வருகின்றன. ஆகவே தமிழில் சொல்கிறேன். நீங்கள் தடுமாறாமல் இருக்க எழுத்துத் தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

நான் பயந்த மனிதன். அதில் எனக்கு வெட்கமில்லை. பயந்தபடியால்தான் உயிரோடு இருக்கிறேன். ஆரனுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. ரெனானில் பிறந்து வளர்ந்த பிள்ளை. இரண்டாயிரத்து ஒன்பதில் ஜெனீவாவில் நம்மவர்கள் ஊர்வலம் போனபோது அவன் முன்வரிசையில் நின்று கத்தினான். நான் ட்ராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நின்றேன், ஏதும் நடந்தால் ஓடுவதற்கு வசதியாக. அன்றைக்கு முழுவதும் நான் அவனுடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேராக ஒருவன் நிற்கலாமா என்று நினைத்தேன்.

பிறகு அவனுக்கு நில அளவை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே லூக் என்று ஒரு சிநேகிதன். லூக் வேட்டைக்காரன், பறவையை மோப்பம் பிடித்துக் காட்டும் நாய் ஒன்று வைத்திருந்தான். ஆரனுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. வேலை முடிந்து வகுப்புக்குப் போனான். விலங்கு, பறவை, சட்டம், துவக்கால் சுடுவது என்று எல்லாவற்றிலும் பரீட்சை. இரண்டு வருடம் அவன் படித்தபோதும் நான் பேசாமல் இருந்தேன், எப்படியும் பரீட்சையில் தவறிவிடுவான் என்று. தவறவில்லை. கஜலக்சுமி, என் மனைவி, பாயாசம் காய்ச்சினாள்.

சூரிச் பக்கத்தில் வேட்டைக்காடுகளைக் குத்தகைக்கு எடுத்தவர்கள்தான் சுடலாம். எங்கள் கன்ரோனில், அதாவது மாநிலத்தில், அப்படியில்லை. பரீட்சை எடுத்து அனுமதி வாங்கிய எவரும் போகலாம்.

“வேலி இல்லை, காவல் இல்லை, எல்லாருக்கும் பொது அப்பா,” என்று ஆரன் பெருமையாகச் சொன்னான்.

“எல்லாருக்கும் எண்டால் ஆர் ஆருக்கு?” என்று கேட்டேன். அவன் சிரித்தான். நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினான்கு ஒக்டோபரில் முதல் பயணத்துக்கு ஆயத்தம் நடந்தது. சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தான். ஒரு மூலைக்குச் சீனிப் போத்தல், மறு மூலைக்குப் பருப்பு டின். ஓர்ப் சமவெளியில் ஒரு கால்வாய், அதன் கரையில் நாணல், பக்கத்தில் சோளம் வெட்டிய வெளி. காற்றுக்கு எதிரே நடக்க வேண்டும், நாய்க்கு அப்போதுதான் மணம் பிடிக்கும். பேடு எழும்பினால் விட்டுவிட வேண்டும், சேவலை மட்டும்தான் சுடலாம். அதுவும் பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டும். எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். அவனுடைய விரல் அந்த வெட்டவெளிக்கு நடுவில் வந்து நின்றது.

“லூக் கால்வாய்க்கரையாலை வருவான். நாங்கள் இந்த இடத்தாலை வருவம்,” என்றான்.

“நாங்களோ?”

“நீங்களும்தான் வாறீங்கள். துவக்குத் தூக்கத் தேவையில்லை, என்னோடை நடந்தாக் காணும். பெரியப்பா கௌதாரிக்குப் போகேக்கை நீங்கள் பின்னாலை போனனீங்கள் எண்டு சொன்னனீங்களெல்லோ. நானும் பெரியப்பா மாதிரிப் போய்ப் பாக்கவேணும்.”

பைக்குள் இருந்து இரண்டு செம்மஞ்சள் தொப்பிகளை எடுத்தான். மற்ற வேட்டைக்காரர்களுடைய கண்ணில் படுவதற்காக அந்த நிறமாம். ஒன்றைத் தன் தலையில் வைத்தான், மற்றதை என் தலையில் வைத்தான். கஜலக்சுமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, இரண்டு பேரும் றோட்டு வேலைக்காரர் மாதிரி இருக்கிறீர்கள் என்று சிரித்தாள். நான் உடனே தொப்பியைக் கழற்றினேன். எனக்குத் தெரிந்த எல்லா வருடங்களிலும் ஒருவன் உயிர் பிழைத்தான் என்றால் கண்ணில் படாதபடியால்தான்.

பெரியப்பா என்று அவன் சொன்னது என் அண்ணை இராஜேந்திரனை. ஊரில் அண்ணையிடம் ஒரு வேட்டைத் துவக்கு இருந்தது. கௌதாரியும் காடையும் சுடுவார், வேறொன்றும் சுட்டதில்லை. யாரோ காட்டிக்கொடுத்து, இராணுவம் வந்து துவக்கையும் எடுத்து அவரையும் கொண்டுபோனது. அவர் திரும்பி வரவில்லை. இதைச் சொல்லித்தான் எனக்கு இந்த நாட்டில் தஞ்சம் கிடைத்தது. ஆரன் சின்னவனாக இருந்தபோது நித்திரைக்கு முன்னால் கௌதாரிக் கதையை மட்டும் சொல்லுவேன், மிச்சத்தைச் சொல்வதில்லை. அது என் பிழை. மிச்சத்தையும் சொல்லியிருந்தால் அவன் துவக்கின் பக்கம் போயிருக்கமாட்டான்.

சனிக்கிழமை போவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை நான் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் மகனிடம் துவக்கு இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, தயவுசெய்து அதை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். இவ்வளவுதான் கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் நல்ல மரியாதையான மனிதர். உங்கள் மகன் பரீட்சை எடுத்திருக்கிறார், அனுமதி இருக்கிறது, காரணமில்லாமல் எடுக்க முடியாது ஐயா என்றார். பிறகு, அவர் யாரையாவது மிரட்டினாரா, தனக்கு ஏதாவது செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாரா என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் எத்தனை பேருக்குத் தமிழில் கேட்டிருப்பேன். எந்தப் பதில் வந்தால் வைத்தியர் பேனையை எடுப்பார், எந்தப் பதில் வந்தால் கதவுக்கு வெளியே போய்த் தொலைபேசியில் கதைப்பார் என்று எனக்குத் தெரியும். நான் மூன்று விடயம் சொன்னேன். ஆரன் சரியாக நித்திரை கொள்வதில்லை என்றேன். உண்மைதான், விடிய எழும்பி ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். தன் பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்கிறான் என்றேன். அதுவும் உண்மை, பழைய சைக்கிளை லூக்கின் தம்பிக்குக் கொடுத்திருந்தான். அந்த வெட்டவெளிக்குப் போய்த் திரும்பி வரமாட்டேன் என்று சொன்னான் என்றேன். மூன்றில் இரண்டு உண்மை.

அன்று பின்னேரமே வந்தார்கள். துவக்கு பூட்டிய அலுமாரியில் இருந்தது. அவன் தானே திறப்பை எடுத்துக் கொடுத்தான், ஏதோ பதிவுப் பிரச்சினை என்று நினைத்தான். வைத்தியரிடம் வரச் சொன்னபோதுதான் முகம் மாறியது. என்னைப் பார்த்து, “அப்பா, நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ,” என்றான். இரண்டு பொலிஸ்காரர்களும் என்னைப் பார்த்தார்கள். நான் அழுதேன். அந்த நேரத்தில் அழுகை போதுமாக இருந்தது.

வைத்தியசாலையில் அவன் எல்லாரிடமும் ஒரே விடயத்தைத்தான் சொன்னானாம், அப்பா பொய் சொல்கிறார் என்று. வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குடும்பத்தவர்கள் மேல் இப்படியான சந்தேகம் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார். நான் யோசித்துவிட்டுச் சில மாதங்களாக என்றேன். அவன் கோபப்பட்டுக் கதவை உதைத்தான். அதற்கு மருந்து கொடுத்தார்கள். அவர்களில் நான் பிழை சொல்லமாட்டேன். அவர்கள் கேட்டதை வைத்துச் செய்தார்கள்.

சில கிழமைகள் போனபின் வார விடுமுறைக்கு வீட்டுக்கு விட்டார்கள். அவன் என்னைப் பேசுவான், அடிப்பான் என்றுகூட நினைத்தேன். சோபாவில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தான்.

“நீங்கள் பயந்திட்டீங்கள் அப்பா, எனக்கு விளங்குது. திங்கக்கிழமை அவையளிட்டை உண்மையைச் சொல்லுங்கோ, அது காணும். வாற வருசம் ரெண்டு பேரும் போவம்.”

சொல்கிறேன் என்று அவன் தலையில் கை வைத்தேன். மனதார வைத்தேன், நம்புங்கள். ஆனால் கடைசியாக அவன் சொன்னது என்னைத் தின்னத் தொடங்கியது. வாற வருடம் போவோம் என்றால் அந்த வெளி இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஞாயிறு முழுக்க எனக்கு வேர்த்தபடி இருந்தது. திங்கள் வைத்தியரிடம், பெரியப்பா மாதிரிப் போக வேண்டும் என்று ஆரன் சொல்கிறான் என்றேன். பெரியப்பா எங்கே என்று கேட்டார். செத்துவிட்டார் என்றேன். அவன் சொன்னதைத்தான் சொன்னேன், கௌதாரி என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு விடுமுறை இல்லை. வேலை போனது. லூக் ஒருமுறை பார்க்கப் போனானாம். கஜலக்சுமிக்குத் தன் பிள்ளையைத் தெரியும். அன்று குசினியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள் அவள்.

“அவன் எப்ப அப்பிடிச் சொன்னவன்? எனக்குக் கேக்காமல் உங்களுக்கு மட்டும் கேட்டதோ?” என்று கேட்டாள். இப்போது ஷாஃப்ஹவுசனில் தன் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள், தொலைபேசி எடுத்தால் தங்கச்சிதான் கதைக்கிறாள்.

மாசி மாதம் நான் ஆரனைப் பார்க்கப் போனேன். வைத்தியசாலை நடைபாதையில் அவன் சுவரோடு ஒட்டி நடந்தான். எங்கேயோ ஒரு கதவு அடித்துச் சாத்தியபோது தோளைக் குறுக்கிக் குனிந்தான். யன்னலைத் திறக்க முன்னால் தாதியின் முகத்தைப் பார்த்தான். எனக்கு என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு ஆறுதலாக இருந்தது. அவனுக்குப் பயம் வந்துவிட்டது, இனிமேல் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். முதல்முறையாக அவன் எங்கள் குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருந்தான். திரும்பி வரும் வழியில் மீன் வாங்கிவந்து சமைத்துச் சாப்பிட்டேன்.

இதையெல்லாம் ஏன் இன்றைக்குச் சொல்கிறேன் என்று நீதவான் அம்மா கேட்கிறார். அம்மா, போன கிழமை ஆரன் உங்களிடம், வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது, வைத்தியசாலையிலேயே இருக்கிறேன் என்று கேட்டானாம். அப்பாவைக் கண்டால் பயம் என்றானாம். அது சரிவராது. வருத்தம், நோய் ஒன்றும் இல்லாத பிள்ளையை அங்கே வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்காது, அது எனக்குத் தெரியும். ஆகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. சாகப்போவதாக அவன் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். மூன்று முறையும் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். என்ன தண்டனை என்றாலும் தாருங்கள், ஆனால் அவனை என்னோடு அனுப்புங்கள். அறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறேன். யன்னலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். அந்தச் செம்மஞ்சள் தொப்பிகள் இரண்டையும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

இதற்கு முன்னர் யாரைப் பற்றியாவது இப்படிச் சொல்லியிருக்கிறேனா என்று நீதவான் அம்மா கேட்கிறார். நியாயமான கேள்வி.

ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் சந்தைக்குப் போகும் வழியில், இராணுவச் சாவடியில். யாரும் எனக்கு அடிக்கவில்லை. வீட்டில் துவக்கு இருக்கிறதா என்று ஒருவன் சும்மா கேட்டான். அண்ணை அதை வைக்கோலுக்குள் வைத்திருக்கிறார், எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். துவக்கு போய்விட்டால் அண்ணை வீட்டோடு இருப்பார், எல்லாரும் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். தஞ்சம் கேட்டபோது யாரோ காட்டிக்கொடுத்தார்கள் என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லைத்தானே.

ஏன் நிறுத்திவிட்டீர்கள் சிவகலா? கண்ணைத் துடையுங்கள். மொழிபெயர்ப்பாளர் அழக்கூடாது, அதை முதல் நாளே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஒரு சொல்லும் விடாமல் அவரிடம் சொல்லுங்கள், அவர் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்ளக்கூடாது. இரண்டு முறையும் நான் துவக்கை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.