தெளிவு என்று சொன்னேன்

ஆற்றை வேடிக்கை பார்ப்பதற்குச் சம்பளமா என்று என்னைக் கேலி செய்யாதவர்களே இல்லை. நானும் சிரித்துவைப்பேன். நீங்கள்கூடச் சற்று முன்பு அப்படித்தான் கேட்டீர்கள் ஐயா, தப்பில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். உங்களுக்கும் வீட்டுக்குப் போகிற நேரமாகிவிட்டது.

ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் அளவுப் பலகை என் பொறுப்பு. தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். கீழே, ஆறு வளைகிற இடத்தில் என் தங்கைக்கு வேலை. இரு கரைக்கும் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நடந்து, கம்பியில் மாட்டிய கருவியால் ஓட்டத்தின் வேகத்தை அளப்பாள். இறங்குவதற்கு முன் எனக்குப் போன் செய்வாள். "தெளிவாக்கா, கலங்கலா?" என்பதுதான் முதல் கேள்வி. மலையில் மழை கொட்டினால், மட்டம் ஏறுவதற்கு முன்பே தண்ணீர் நிறம் மாறிவிடும். அது அவள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர ஓர் உலை கொதிக்கிற நேரம் ஆகும். கலங்கல் என்று நான் சொன்னால் அன்றைக்கு அவள் காலையே நனைக்க மாட்டாள். அலுவலகத்தில் இப்படி ஒரு விதி கிடையாது. நாங்கள் இருவரும் வைத்துக்கொண்ட வழக்கம்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒத்தாசைக்கென்று வந்து எங்களோடு தங்கியவள் அவள். ஒத்தாசைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். என் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள், பாடம் சொல்லிக்கொடுத்தாள். மகள் காய்ச்சலில் கிடந்தபோது நான்தான் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெண் கண் திறக்காமலே "சித்தி" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை டீச்சர் என் தங்கையைப் பார்த்து, "அம்மாவே வந்துட்டாங்களே" என்றார். என் மகள் வாயெல்லாம் பல்லாக நின்றாள், திருத்தவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. சொந்தத் தங்கையைப் பார்த்து வயிறு எரிவது அசிங்கம்தான். ஆனாலும் எரிந்தது. பத்து மாதம் சுமந்தவள் நான்.

பிறகு தங்கைக்குப் பெரிய ஊருக்கு மாற்றல் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள், "நானும் சித்திகூடப் போறேம்மா. அங்கேயே காலேஜ் படிக்கிறேன். நீ லீவு கிடைச்சா வந்து பாத்துட்டுப் போ."

"அக்கா, நீ சரின்னு சொன்னாத்தான்" என்றாள் தங்கை.

நான் சரி என்றேன். என் பெண்ணைப் பார்க்க நான் விருந்தாளியாகப் போக வேண்டுமாம். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுக் கை கழுவப் போனேன்.

அன்றைக்குப் போன் செய்தது தங்கை இல்லை. மகளும் அவளோடு ஆற்றுக்குப் போயிருந்தாள். "அம்மா, சித்தி கையில கம்பி இருக்கு, என்னைக் கேக்கச் சொன்னாங்க. தெளிவா, கலங்கலா?"

நான் பலகைக்கு எதிரேதான் நின்றிருந்தேன். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருந்தது, நுரையும் சருகும் சுழித்துக்கொண்டு போயின. பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் பாலத்துக் கேமராவில் அது பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள். இருக்கும். நான் ஒன்றும் நிறம் தெரியாதவள் இல்லை.

"தெளிவாத்தான் இருக்கு. இறங்கச் சொல்லு" என்றேன்.

"சித்தி, அம்மா பாத்துட்டாங்க, தெளிவாம். இறங்குங்க" என்று அவள் கத்தியது போனில் கேட்டது. போனை வைத்துவிட்டுப் பலகையைத் துடைத்தேன். நினைத்திருந்தால் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். அதற்கு நேரம் தாராளமாக இருந்தது. பலகையில் பாசி நிறைய இருந்தது, நன்றாகத் தேய்த்தேன்.

தங்கையைக் கீழ்ப்பாலத்துத் தூணருகே எடுத்தார்கள். மகள் அழுது அழுது, "நான்தானேம்மா இறங்கச் சொன்னேன், நான்தானே கொன்னுட்டேன்" என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டேன். "அழாதே கண்ணு, அம்மா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவளே உங்களிடம் வந்து அப்படிச் சொல்லிவிட்டுப் போனாளாமே. சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும். அவள் மேல் பழி வரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

என் தங்கையை நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் மகளுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம் ஐயா. இத்தனை வருஷத்தில் நேற்றுத்தான் என் மடியில் தலைவைத்துப் படுத்து, "உன்னை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா" என்று கேட்டாள்.