லீசு காருக்கு எலுமிச்சம்பழம்

உக்கடத்தில் பொள்ளாச்சிப் பேருந்து புறப்படக் காத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் நடுவயதுக் கணவன் மனைவி.

"ஏனுங்க, அடுத்த காரை லீசுக்கு எடுத்தா, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெக்கோணுங்களா?"

"திருப்பிக் குடுக்கற வண்டிக்கு எதுக்கு அம்மணி பூசை?"

"அப்ப சொந்தமாவே வாங்கிப்போடலாமுங்க."

"வேண்டாம். பழைய காரை வித்தப்பப் பட்டது போதும்."

"ஆமாங்க. வாங்க வந்தவர்கிட்ட, 'பின்சீட்டுல பாப்பா தூங்குவா, மெதுவா ஓட்டுங்க'ன்னு சொன்னீங்களே! பாப்பாவுக்குக் கல்யாணமாகி மூணு வருசமாச்சுங்க."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேருந்து நகர்ந்தது. குளம் தாண்டியதும் மனைவி பக்கம் திரும்பினார்.

"லீசோ சொந்தமோ, பொங்கலுக்கு வந்தா பாப்பா ஏறுவாள்ல. நாலு பழம் வாங்கி வெச்சுரு."