இரண்டு தட்டுகளிலும் ரோஸ்

— இந்த ரோஸ் கலருதானே டீச்சரே மருந்து?

— மருந்து இல்லண்ணே. சாயம்.

— பேப்பர்ல மருந்துன்னுதான் போட்டிருந்துது.

நீது அந்தக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. எதிரே நின்றவர் சத்தியதாஸ், பாறசாலைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். காலை வண்டியில் திருவனந்தபுரம் வந்து, கல்லூரி வாசலில் விசாரித்து விசாரித்து மூன்றாம் மாடிக்கு ஏறி வந்திருந்தார். அவருடைய மகள் ஆன்ஸிக்கு ஆறு வயது. ரத்தத்தில் புற்று.

— கொஞ்சம் தந்தா போரும். பிளாஸ்க்கில ஐஸ் போட்டுக் கொண்டு வந்திருக்கேன். ஊசி மருந்த தணுப்பிலதான் வைக்கணும்னு நர்ஸ் சொல்லியிருக்கு.

அவர் பிளாஸ்க்கைத் திறந்தே காட்டினார். நீது பார்வையை விலக்கிக்கொண்டாள்.

மேசைமேல் இருந்த தட்டில் வளர்ந்திருந்தது, வித்துராவுக்கு மேலே பொன்முடிக் காட்டில் விழுந்து கிடந்த மரத்திலிருந்து அவள் எடுத்துவந்த பூஞ்சை. ஆன்ஸிக்கு வந்த நோய்க்குப் போடும் ஊசிகளில் ஒன்று, ஒரு நொதி. அதே நொதியைத் தன் பூஞ்சையும் சுரக்கிறதா என்று அறிய, அந்த நொதி உடைக்கும் பொருளும் மஞ்சள் சாயமும் கலந்த தட்டில் அதை வளர்த்தாள். சுரந்தால் பூஞ்சையைச் சுற்றி மஞ்சள் ரோஸாக மாறும். நான்காம் நாள் மாறியது. அவளுடைய வழிகாட்டி ஜெயந்த் சார் அந்த வாரமே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார். பொன்முடிக் காட்டில் புற்றுக்கு மருந்து என்று செய்தி வந்தது, நீதுவின் படத்தோடு. சாலை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அவள் அப்பா அதை வெட்டிக் கடைத் தூணில் ஒட்டினார்.

பிறகு, கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்விதழிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அந்த நொதி உடைக்கும் பொருளே இல்லாத தட்டில் என்ன ஆகிறது? அவசரத்தில் அப்படியொரு ஒப்பீட்டுத் தட்டை அவர்கள் வைக்கவே இல்லை. இப்போது வைத்தாள். அதுவும் ரோஸானது. தன் கைப்பிழையாக இருக்கும் என்று மறுபடி வைத்தாள். இன்று காலை திறந்தபோது மூன்றாவது தடவையும் அதே ரோஸ். டில்லிக்குப் போயிருந்த சாரைப் போனில் கூப்பிட்டாள். தான் வரும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார். அந்தப் போனை வைத்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

சார் ஊரில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி இவரை அனுப்பிவிடலாம். அதைத்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் அவள் கை, இரண்டாவது தட்டை எடுத்து முதல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தது.

— இது ரெண்டையும் பாருங்கண்ணே. எதாவது வித்தியாசம் தெரியுதா?

சத்தியதாஸ் தட்டுகளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். ரப்பர்பால் காய்ந்து கறுத்த விரல்கள் தட்டின் விளிம்பை மட்டும் பிடித்திருந்தன.

— ரெண்டும் ஒண்ணுபோலதான் இருக்கு.

— ஒண்ணுபோல இருக்கப்படாது. இந்த ரெண்டாவதில அந்த மருந்துக்கு வேலையே இல்ல. இது மஞ்சளாவே நிக்கணும். இதுவும் மாறிச்சுன்னா, கலர் மாறுனதுக்குக் காரணம் வேற. பூஞ்சை சும்மா வளர்ந்தாலே மாறுது.

— அப்பம் ரெண்டிலயும் மருந்து உண்டு.

— உண்டுன்னு சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்லண்ணே.

அவர் தட்டுகளை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். நீது தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். முதல் தட்டு சரியாகவே இருந்திருந்தாலும், அதிலிருந்து ஒரு ஊசி உருவாகப் பத்து வருடமாவது ஆகும் என்றாள். அதுவும் ஆகாமல் போகலாம் என்றாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எது உள்ளே போனது, எது போகவில்லை என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

— பேப்பர்காரன் தெற்றாப் போட்டுட்டானா டீச்சரே?

— நாங்க தப்பாச் சொன்னோம். அவங்க அதப் போட்டாங்க.

சார் என்ன சொல்வார் என்பது அந்த நேரத்தில் ஒரு பொருட்டாகவே படவில்லை. இந்த மனிதருக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றே ஒன்று மிச்சமிருப்பதாகத் தோன்றியது. அதை நிதானமாகச் சொன்னாள்.

— ஆஸ்பத்திரியில போடுற ஊசிதான்ணே மருந்து. அத மட்டும் விட்டுராதீங்க.

— அது போட்டா பிள்ளைக்கு மேலெல்லாம் தடிச்சிரும். மூச்சு முட்டும். கையப் பிடிச்சுக்கிட்டு, வேண்டாம்ப்பா வேண்டாம்ப்பான்னு கரையும்.

— அதுக்கு மாத்து ஊசி உண்டு. டாக்டர்கிட்ட சொன்னா மாத்தித் தருவாங்க. அடுத்த ஊசி என்னைக்கு?

சத்தியதாஸ் பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினார். அது இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார்.

— உங்க படம் வந்த அன்னைக்கே ஆஸ்பத்திரியில ஊசி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு பிள்ளைய வீட்டுக்குக் கொண்டு போயாச்சு டீச்சரே. அம்பது நாளாச்சு.