எல்வின் வலை

இல்ல மாப்ள, அப்படி ஓங்கி வீசாதீங்க. முள்ளு கட்டுன பொம்மை மீன் போய் அந்தப் பைன் மரத்துல தொங்கும், அப்புறம் நான்தான் ஏறி எடுக்கணும். அறுபத்தாறு வயசு எனக்கு. தூண்டில் கழியத் தோளுக்கு மேல போகவிடாம, லேசா, பக்கவாட்டுல... ஆங், அவ்ளோதான். பரவால்லியே! சியாட்டில்காரங்களுக்கும் கை இருக்கு.

குளிரத்தான் செய்யும். ஏரில பனிக்கட்டி உடைஞ்சு மூணு வாரம்தானே ஆச்சு. எதிர்க்க மலையப் பாருங்க, நிழல் பக்கம் இன்னும் வெள்ளையாக் கிடக்கு. அதுக்குத்தான் உங்கள இந்த வடக்குக் கரை ஓரமாப் படகுல கூட்டியாந்தேன். விடிஞ்சதுலேருந்து வெயில் இங்கதான் விழும், அடியில கறுப்புச் சேறு, சட்டுனு சூடேறும். நடு ஏரில தண்ணி பாரன்ஹீட்ல நாப்பத்திநாலு டிகிரி. இங்க இந்த மீட்டரப் பாருங்க, அம்பதத் தொட்டுடுச்சு. நாம பிடிக்க வந்த புலி மஸ்கி மீனுக்கு அது போதும். மூணடித் தண்ணில வந்து முதுகுக் குளிரு போற வரைக்கும் அசையாம நிக்கும்.

முட்டை போடவா? நல்லாக் கேட்டீங்க போங்க. அது போடாது. அப்பன் பைக்குன்னு ஒரு மீன், அம்மா மஸ்கி, ரெண்டும் கலந்து உடம்பெல்லாம் வரி வரியா இது. கோவேறு கழுதை மாதிரிதான், வாரிசு கிடையாது. இந்த ஏரில இருக்கற ஒவ்வொண்ணும் மீன் இலாகாக்காரங்க லாரில கொண்டாந்து விட்டது. ஆனாலும் பாருங்க, வசந்தம் வந்தா ஆழத்துல இருப்புக் கொள்ளாது. சொந்தக்காரங்க முட்டை போடப் போற மாதிரி இடத்துக்கு இதுவும் கிளம்பி வந்து, சும்மா நின்னு பாத்துட்டுப் போகும். எனக்கும் கல்யாணம் காட்சி ஒண்ணும் ஆகல, உங்க கல்யாணத்துல நானும் அப்படித்தானே ஓரமா நின்னேன்? சிரிங்க, சிரிங்க. நான் சிரிக்கத்தான் சொன்னேன்.

மெதுவா சுத்துங்க, தூண்டில் நரம்பு சுத்துற ரீல. இன்னும் மெதுவா. இந்தக் குளிர்ல அது ஓடி வந்து கவ்வாது. பின்னாடியே வரும், யோசிக்கும், வரும், யோசிக்கும், நம்ம படகு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடும். அதனாலதான் எட்டு போடச் சொன்னேன். பொம்மை மீன் படகுக்கிட்ட வந்ததும் வெளிய தூக்கிடக் கூடாது. கழி முனையத் தண்ணிக்குள்ள விட்டு, பெருசா எட்டு எட்டா வளைக்கணும். பின்னாடி எதுவும் வரலேன்னாலும் போடணும். ஒவ்வொரு தடவையும். கை வலிக்கும்தான். வலிக்கட்டும்.

ஐயோ, அந்த வலைய மிதிக்காதீங்க! ஆமா, பெருசுதான், ஒரு ஆட்டுக்குட்டிய அள்ளலாம். அது உங்க மாமனார் பிடிச்ச வலை மாப்ள.

ஜோலீன் சொல்லலியா? என்ன பொண்ணு அவ. கட்டிக்கிட்டவர்கிட்ட அப்பன் கதைய மறைப்பாங்களா? சரி, நானே சொல்றேன். வீசிக்கிட்டே கேளுங்க.

உங்க மாமனார் எல்வின் என் தம்பி, என்னைவிட நாலு வயசு சின்னவன். எங்க அப்பா செத்தப்புறம் இந்த போட்டு எங்க ரெண்டு பேருக்கும் வந்துச்சு. நாப்பது வருஷம் ஒரே போட்டுல மீன் பிடிச்சோம் நாங்க. நான் முன்னாடி, அவன் பின்னாடி. எனக்கு மாட்டுனா அவன் வலை பிடிப்பான், அவனுக்கு மாட்டுனா நான். சண்டை போடுவோம், வாயைத் திறந்தா ஒருத்தர ஒருத்தர் வாரிக்கிட்டே இருப்போம். அவன மாதிரி வலை பிடிக்க இந்தச் சுத்துவட்டாரத்துல ஆள் கிடையாது. வலைய முன்கூட்டியே தண்ணில வச்சுக்கிட்டு, மீன் தானா தலைய உள்ள விடற வரைக்கும் கல்லாட்டம் இருப்பான்.

ஆறு வருஷம் முன்னாடி, இதே ஏப்ரல், இதே வளைவு. எட்டு போடுறேன், மூணாவது சுத்துல வந்து கவ்வுச்சு. அம்மாடி! என் ஆயுசுல அப்படி ஒண்ணப் பாத்ததில்ல. அம்பது அங்குலத்துக்கு மேல, சத்தியமா. இங்க அம்பது அங்குலம் பிடிச்சவங்க பேரக் காபிக் கடைல தொங்குற துடுப்புல எழுதுவாங்க. பதினோரு பேரு இருக்கு, அத்தனையும் ஆம்பளைங்க. பன்னெண்டாவது வெர்னான்னு எழுதணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. மீன் படக ஒட்டி வந்துச்சு, எல்வின் வலைய இறக்குனான், அது ஒரே துள்ளு... போச்சு. பிச்சுக்கிட்டுப் போச்சு.

நான் கத்துன கத்து, தட்டிட்டியேடா பாவி, வலையால தட்டி விட்டுட்டியேடான்னு. சுத்தி மூணு போட்டு. எல்லாம் எங்க மீன்பிடி சங்கத்து ஆளுங்க. மத்தியானத்துக்குள்ள ஊரே பேசுச்சு.

சும்மா பேசுனதோட விட்டாங்களா? எங்க சங்கத்துல வருஷா வருஷம் வசந்த விருந்து நடக்கும். அதுல பிள்ளைங்க பட்டாம்பூச்சி பிடிக்கற வலை ஒண்ண வாங்கி, ரோஸ் கலர் அடிச்சு, எல்வின் வலைன்னு பேரு வச்சு மேடைல கொடுத்தானுங்க. அந்த வருஷம் வலை பிடிச்சுச் சொதப்புனவனுக்குப் பரிசாம். முதல் வருஷம் எல்வினே போய் வாங்கி, தலைல மாட்டிக்கிட்டு ஆடுனான். ரெண்டாவது வருஷமும் சிரிச்சான். மூணாவது வருஷம் விருந்துக்கு வரல. அதுக்கப்புறம் இந்த போட்டுல காலே வைக்கல. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான். ஏரிப் பேச்ச எடுத்தா, விறகு பாத்துட்டு வரேன்னு எந்திரிச்சு வெளிய போயிடுவான். எங்க வீட்டு விறகுல பாக்க என்ன இருக்கு?

நான் தனியாத்தான் வரேன். தனியா இந்த மீனுக்கு வலை பிடிக்கறது லேசான வேலை இல்ல மாப்ள, போன வருஷம் தூண்டில் முள்ளு என் கைல ஏறிடுச்சு.

இருங்க, நான் கேக்கணும்னு இருந்தேன். வீட்ட வித்துட்டு உங்க பக்கமே வந்துடறேன்னு சொல்றானாமே? நெசமா? இந்த ஜூன்லயா? என்ன சொன்னான், வாயத் திறந்து? இங்க எனக்கு யாரு இருக்கான்னா? அப்படியே சொன்னானா?

இல்ல, ஒண்ணுமில்ல. கண்ணுல காத்து. வீசுங்க நீங்க.

கூப்பிட்டேனே! எத்தன தடவ கூப்பிட்டேன். வாடா, போனது போச்சுன்னு. வரமாட்டேங்கறான். வலையக் கைல எடுக்கவே பயமா இருக்குன்னு ஒரு நாள் சொன்னான். ரெண்டு கையாலயும் வீடு கட்டுனவன். எனக்கு அவன் இந்த போட்டுல, அந்தப் பின் பலகைல, திரும்ப வந்து ஒக்காரணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. துடுப்புல பேரு கூட வேணாம்.

மாப்ள. அசையாதீங்க. உங்க பொம்மை மீனுக்குப் பின்னாடி பாருங்க. கட்டை இல்ல அது. கட்டைக்குச் செவுள் ஆடுமா? சுத்துறத நிறுத்தாதீங்க, அதே வேகம், அதே வேகம்... இப்ப கழிய உள்ள விடுங்க. எட்டு! பெருசா! இன்னும் பெருசா வளைங்க, அதோட உடம்பு திரும்ப வேணாமா? போகுதே... இல்ல, வருது, வருது, திரும்பிடுச்சு...

மாட்டிடுச்சு! ரீலத் தளர்த்துங்க! அந்தச் சக்கரம், பக்கத்துல இருக்கே, அதத் தளர்த்துங்க, தளர்த்துங்கன்னு சொல்றேன்ல! ஆங்! விடுங்க, ஓடட்டும். நரம்பு போகட்டும், தடுக்காதீங்க. ஓடிட்டுத் தானா வரும். கழி மட்டும் வளைஞ்சே இருக்கணும். வருது பாத்தீங்களா. தலைய இந்தப் பக்கம் திருப்புங்க. வலை ரெடி. இன்னும் ஒரு அடி... வாடி தங்கம், வா, வா...

உள்ள! உள்ள விழுந்துடுச்சு! ஐயோ மாப்ள, கட்டிப் பிடிக்காதீங்க, போட்டு கவுந்துடும்!

இருங்க இருங்க, தூக்காதீங்க. வலையோட தண்ணிலயே கிடக்கட்டும். இடுக்கிய எடுங்க, நீளமா இருக்கே அது. வாயத் திறக்குது பாருங்க, கை கிட்ட போகக் கூடாது... வந்துடுச்சு முள்ளு. அளந்துடலாம். நாப்பத்திமூணு! முதல் மீனே நாப்பத்திமூணு! வரியப் பாருங்க, என்ன அழகு. போட்டோ ஒண்ணு, சட்டுனு. மூச்சு முட்டும் அதுக்கு. அம்பது இருந்தாதான் வச்சுக்கலாம், இது ஏரிக்குத்தான். வால் பக்கம் இப்படிப் பிடிச்சுக்குங்க, அதுவா உதறிக்கிட்டுப் போற வரைக்கும் விடக் கூடாது. அவசரமில்ல. அது தயாராகட்டும்.

என்னது? நான் ஏன் அப்படிக் கத்துனேன்னா? ரீலத் தளர்த்தச் சொல்லியா? பயந்துட்டீங்களா? பாவம்.

அது ஒண்ணுமில்ல மாப்ள. படகுக்கிட்ட மாட்டுனா நரம்பு ரெண்டு முழம்தான் வெளிய இருக்கும். அந்த நேரத்துல ரீலு இறுக்கமா இருந்தா, மீன் ஒரு இழு இழுத்துச்சுன்னா ஏதாவது ஒண்ணு போயே தீரும். அன்னைக்கு நான் தளர்த்தல. காலைல நரம்பு வழுக்குதுன்னு நானே ரீல இறுக்கி வச்சிருந்தேன், எட்டு போடறப்போ மறந்துட்டேன். முள்ளு நிமிந்துடுச்சு. எல்வின் வலை மீனுக்கு ஒரு முழம் தள்ளி இருந்துச்சு. தொடவே இல்ல.

இல்ல, அப்புறமாத் தெரிஞ்சதில்ல. கழியத் தூக்குனேன், பொம்மை மீன் கைக்கு வந்துச்சு, முள்ளு ஆணியாட்டம் நேரா நிக்குது. கோட்டுப் பைல போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் கத்துனேன்.

அவன் நம்பிட்டான். வலையக் கைல வச்சுக்கிட்டே அழுதான், மன்னிச்சிடு வெர்னான்னான். நானும் மன்னிச்சிட்டேன் போடான்னு சொன்னேன். நான் மன்னிச்சேன் மாப்ள! அவன!

போயிடுச்சா? உதறிட்டுப் போயிடுச்சா? நல்லது. கையத் தொடச்சுக்கிட்டு ஒக்காருங்க, கிளம்பலாம்.

சேச்சே, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் அவன்கிட்ட. தூது போகவா உங்கள விடிகாலைல எழுப்புனேன்? இத நான் இதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்ல, அதான். வேற ஒருத்தர்கிட்ட ஒரு தடவ சொல்லிப் பாப்போம், வாய்ல வருதான்னு பாப்போம்னு நெனச்சேன். வருது. நேரா அவன் வீட்டுக்குத்தான் போறோம். இப்ப முட்டை பொரிச்சுக்கிட்டு இருப்பான். அவன் திட்ட ஆரம்பிச்சா நடுவுல வராதீங்க, ஆறு வருஷத்துத் திட்டு, மெதுவாத்தான் முடியும். நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க.