இடது கை

எல்லோரும் முதலில் கேட்பது அந்தக் குச்சியைப் பற்றித்தான். நீங்களும் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். குச்சி வலது கையில், தாளத்துக்கு. உண்மையான வேலை இடது கையில். உள்ளங்கையை மேலே காட்டினால் சத்தம் ஏறும். கீழே காட்டினால் இறங்கும்.

பெண் பார்க்கப் போனபோது ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் என்று சொன்னேன். "எந்த ரூட்டு மாப்ளே?" என்றார் மாமனார். இன்றுவரை அதே கேள்விதான். நான் கோபப்பட்டதில்லை.

நான் நடத்துவது புது இசை. எழுதியவர்கள் உயிரோடு இருப்பார்கள். அதுதான் அதில் தொல்லை. காகிதம் கிழிபடும் ஓசைக்குத் தனி ஒத்திகை உண்டு. ஒருமுறை இடைவேளையில் ஒரு ரசிகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆரம்பம் அபாரம் என்றார். நாங்கள் சுருதி சேர்த்ததைச் சொன்னார்.

நீங்கள் விசாரிக்கும் அந்த மாலை அரங்கில் பாதி நாற்காலி காலி. இந்த முறையும் பத்திரிகையில் நல்ல வார்த்தை வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நிர்வாகி சொல்லியிருந்தார். விமர்சகர் முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

பெரிய டிரம் வாசிப்பவரை நாங்கள் இடி என்போம். மேடை ஏறுமுன், "மாஸ்டர், நெஞ்ச என்னமோ பிசையுது" என்றார்.

"முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்ணே" என்றேன். வயதில் மூத்தவர். மரியாதை குறைத்துப் பேசியதில்லை.

மூன்றாம் பகுதியில் ஒரு நீண்ட மௌனம் வரும். அதில் இடி டிரம்மோடு சாய்ந்து விழுந்தார். விமர்சகர் விழித்துக்கொண்டார். பேனாவைத் தேடினார்.

வாத்தியக்காரர்களிடம் அவரவர் பகுதி மட்டும் இருக்கும். முழு இசைத்தாள் என்னிடம்தான். விழுவது அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். எழுதியவருக்கே தெரியவில்லை. அப்படித்தான் எழுதிய ஞாபகம் என்று பிறகு பேட்டி கொடுத்தார்.

நிறுத்தியிருந்தால் அது விபத்து. நிறுத்தாததால் இசை. இதை உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று யோசிக்கிறேன்.

பார்வையாளர்களோடு இருந்த இடியின் மனைவி எழுந்து, "என்னங்க, என்னங்க" என்றார். மேடைக்கு வர முயன்றவரை வாசல் பணியாளர் பணிவாகத் தடுத்தார். "பேசாம இரு, அந்தம்மா பார்ட் வந்திருக்கு" என்று ஒருவர் தன் மனைவியை அடக்கினார். இடியின் மனைவி குரல் கொஞ்சம் மெலிவாக இருந்தது. இடது கையை மேலே காட்டினேன். உயர்ந்தது.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் பாதி எழுந்தார். டாக்டர் என்று இப்போது சொல்கிறீர்கள். புகார் கொடுத்தவரும் அவர்தான். எழுந்தால் நாற்காலி கிறீச்சிடும். அவரைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே காட்டினேன். உட்கார்ந்துவிட்டார். ஆமாம், வேண்டுமென்றேதான் காட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு வயலின்களுக்கு அழைப்புக் கொடுத்தேன். கடைசிப் பகுதியை முழுதாக வாசித்து முடித்தோம். அரங்கு எழுந்து நின்று தட்டியது. மௌனத்துக்கு உடல் கிடைத்த மாலை என்று பத்திரிகை எழுதியது. அடுத்த நிகழ்ச்சிக்கு ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை. புது டிரம்காரரிடம் நெஞ்சு எப்படி என்று விசாரித்தேன். நன்றாக இருக்கிறதாம். என்ன செய்வது.

காலையில் மாமனார் இங்கே வந்திருந்தார். உட்காரவில்லை. "பஸ் கண்டக்டர்கூட ஆளு விழுந்தா விசில் ஊதுவாரு மாப்ளே" என்றார். அவருக்கு எப்போதும் வேடிக்கைப் பேச்சுதான்.

இடி விழுந்தவுடனே போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டும். அவர் கண் என் மேல்தான் இருந்தது. விரல்கள் மேடைப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தன. மௌனத்துக்கு அது கூடுதல் சத்தம். இடது கையைக் கீழே காட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒன்றுமில்லாமல் ஆக்கினார். எத்தனையோ வருடம் ஒத்திகை பார்த்திருக்கிறோம். நான் கேட்டதை அவர் அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு செய்தது அன்றுதான்.