அந்தப் பக்கத்துப் பூ

தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ வைப்பதில்லையே, பிறகு யாருக்கென்று இந்த மனுசி தாமரை பறிக்கப் போகிறாள் என்றுதான் நான் குளக்கரையில் நின்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாயால் சொல்லவில்லை. முதலில் இருந்து சொல்லுங்கோ என்று நீங்கள் கேட்டபடியால், சுவாமி, அந்த நினைப்பில் இருந்தே தொடங்குகிறேன். அன்று நான் நினைத்தவை அதிகம், சொன்னவை கொஞ்சம்.

பாஸ்குப் பெருநாளுக்கு முன்னால் எல்லோரும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். நான் நிற்காவிட்டால் எங்கள் ஊர் பேசாலையில் ஆட்கள் கதைப்பார்கள். அதனால்தான் வந்தேன். வந்த பிறகு வழக்கம்போல இரண்டு கோபத்தையும் ஒரு தவறிய பூசையையும் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள்தான் றஞ்சிதத்தைப் பற்றிக் கேட்டீர்கள்.

றஞ்சிதம் என் கணவரின் தமக்கை. திருமணம் செய்யாதவர். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன நாளில் இருந்து இருபத்திரண்டு வருசம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். மனதுக்குள் நான் அவரை அவள் என்றுதான் சொல்வேன். வாயால் ஒருநாளும் மரியாதை குறைத்ததில்லை. மச்சாள், வாங்கோ, இருங்கோ என்றுதான். அவர் நல்லவர் என்று அடக்கப் பூசையில் நீங்களும் சொன்னீர்கள். அதை நான் மறுக்கவில்லை.

எனக்கு அவரைக் கண்டால் அருவருப்பு.

வெற்றிலை போடுவார். சுண்ணாம்பு ஒட்டிய பெருவிரலைக் கதவு நிலையில் துடைப்பார். துப்பும் படிக்கத்தை என்னிடம் கழுவத் தந்ததில்லை, தானே கழுவுவார். கழுவிய கையின் ஈரம் காய முன்னமே என் கன்னத்தைத் தடவி, "தேத்தண்ணி குடிச்சனியோ பிள்ளை?" என்பார். மீன் தலையைச் சத்தம் வர உறிஞ்சுவார். பாரைமீனின் கன்னத்துச் சதைதான் ருசி என்று அதை விரலால் நோண்டி எடுத்து, முள் இருக்கிறதா என்று தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, என் சோற்றுக் கோப்பையில் வைப்பார். நான் சாப்பிடுவேன். இருபத்திரண்டு வருசம் சாப்பிட்டேன்.

ஆறு வருசத்துக்கு முன் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். காயம் சீழ் பிடித்துவிட்டது. பதினேழு நாள் அவர்தான் என்னைத் துடைத்தார், கழுவினார், துணி மாற்றினார். ஒரு தடவையாவது மூக்கைச் சுளிப்பார் என்று நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். சுளிக்கவில்லை. எல்லாம் முடிந்ததும், "இப்ப பவுடர் மணக்குது, குழந்தைப் பிள்ளை மாதிரி" என்று என் நெற்றியில் முத்தமிட்டுக் கொஞ்சினார். அதற்குப் பிறகு அவருடைய முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், என்னைப் பற்றி அவருக்கு என்னவெல்லாம் தெரியும் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கு அது ஞாபகமே இல்லாததுபோல இருந்தார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்த வருசம் விபூதிப் புதனன்று நான்தான் சொன்னேன், தவக்காலம் முடியுமட்டும் வெற்றிலையை விட்டுப் பாருங்கோ மச்சாள் என்று. உடனே மடியில் இருந்த வெற்றிலைப் பையை எடுத்து என் கையில் தந்தார். "நீயே பூட்டி வை பிள்ளை. என்னை நம்பாதை" என்று சிரித்தார். நான் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். திறப்பைக் கழற்றி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு கிழமை அவருக்குத் தலையிடி. பிறகு பழகிவிட்டது. வாய் வெளுத்தது. வீட்டுச் சுவர்கள்கூடத் துப்புரவாக இருந்தன. அருவருப்பு மட்டும் போகவில்லை. அது வெற்றிலையால் வந்ததல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவ்வளவு காலமும் வெற்றிலை என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அதுவும் இல்லாமல் போய்விட்டது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை மடு மாதா கோவிலுக்குப் போனோம். மச்சாள், நான், பக்கத்து வீட்டு மார்த்தா, மூன்று பேர். வாடகைக்குப் பிடித்த வான் உப்புக்குளத்து றுஸ்தியினுடையது. அவன் இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நிதானமாக ஓட்டுபவன். மூன்று மணிக்குத்தான் சிலுவைப்பாதை. அதற்கு முன் பூந்தோட்டமும் காட்டுக் குளமும் பார்த்து, மரநிழலில் சாப்பிட்டு, ஒரு நாளைச் சந்தோசமாகக் கழிப்போம் என்று மச்சாள்தான் ஒழுங்கு செய்தார். என் கணவர் கடலுக்குப் போயிருந்தார்.

நல்ல மழை பெய்து முடிந்த வருசம். தீவைத் தாண்டிப் பெருநிலத்தில் ஏறியதும் வழியெல்லாம் வேப்பம்பூ மணம். கொன்றை றோட்டோரத்தில் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. மடு றோட்டில் கன்னியாஸ்திரிகளின் தோட்டம் ஒன்றில் இறங்கினோம். கடதாசிப்பூ மதிலுக்கு மேலால் வழிந்தது. செவ்வரத்தையில் மட்டும் ஏழெட்டு நிறம். மச்சாள் ஒவ்வொரு பூவுக்குள்ளும் மூக்கை வைத்தார்.

"றஞ்சிதமக்கா, தேனீக்கும் கொஞ்சம் விட்டு வையுங்கோ" என்றாள் மார்த்தா.

"அதுக்கென்ன, அது பறந்து வேற வீட்டை போகும். எனக்கு இந்த ஒரு நாள்தானே" என்றார் மச்சாள்.

மூக்கு நுனியில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. ஒரு ரோசாவைக் காம்போடு வளைத்து, "மணந்து பார் பிள்ளை" என்று என்னிடம் நீட்டினார். அவருடைய மூச்சுப் பட்டு அதன் இதழ்கள் ஈரமாகியிருந்தன. நான் மணந்தேன். நல்ல மணம் என்றேன். வானுக்குள் ஏறிய பிறகு கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்தேன். யாரும் காணவில்லை.

காட்டுக்குள் மண்பாதையில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. பாலை மரங்கள் தண்ணீர்க் கரைவரை வந்து நிற்கும். குளம் நிறையத் தாமரை. மார்த்தாவும் றுஸ்தியும் வானடியில் பாய் விரித்துச் சாப்பாடு எடுத்து வைத்தார்கள். மச்சாளும் நானும் கரையோரமாக நடந்தோம். அவர் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு போனார். மரத்தடியால் தண்ணீரில் இறங்கும்போது, முள் குத்தினால் சொல்வதுபோல, "ஆ" என்றார். அவ்வளவுதான். கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி. காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு எட்டு எட்டி அந்தப் பூவையும் பறித்துக்கொண்டுதான் கரையேறினார்.

மார்த்தா ஓடிவந்தாள். "என்ன கடிச்சது? நீ கண்டனியோ நிறஞ்சலா?"

"தண்ணிப் பாம்பு" என்றேன். "மெல்லிசு. தண்ணிக்குள்ள போயிட்டுது."

றுஸ்தி வான் கதவைத் திறந்துவிட்டான். "எதெண்டாலும் ஆஸ்பத்திரியில காட்டுவம் அன்ரி. மெயின் றோட்டுக்கு இருவது நிமிசம். பாம்பு விசயம், விளையாடேலாது."

மச்சாள் தன் பையைத் திறந்து ஒரு சின்னப் பவுடர் டப்பாவை எடுத்தார். அதற்குள் மடு மண் இருந்தது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மாதாவின் மண் இருக்கும் இடத்தில் விசம் ஏறாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. வீட்டு வாசலில் தூவுவோம். கடித்தால் கரைத்துக் குடிப்போம். ஆனால் இந்தக் காலத்தில் யாரும் மண்ணோடு நிறுத்துவதில்லை. குடித்துக் குடித்தே ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். மச்சாளும் அப்படித்தான் நினைத்தார். ஒரு காலை வானில் வைத்துவிட்டு, "என்ன பிள்ளை, போவமோ?" என்று என்னைக் கேட்டார்.

"மாதாவின்ர காலடிக்கு வந்திட்டு, தண்ணிப் பாம்புக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுறதோ?" என்றேன். றுஸ்தி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "தம்பி, இது எங்கட மாதாவின்ர விசயம்" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான். பண்பான மனிதன், இன்னொருவருடைய விசுவாசத்தில் கை வைக்கமாட்டான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மண்ணைத் தண்ணீர்ப் போத்தலின் மூடியில் கரைத்து நானே அவருடைய வாயில் விட்டேன். நான் அவருக்கு ஊட்டியது அதுதான் முதல் தடவை. அவருடைய கண் கலங்கிவிட்டது. "உன்ர கையால தாறாய். எனக்கு இனி ஒண்டும் வராது" என்றார். உதடு என் விரலில் பட்டது.

மடுவுக்குப் போய் யாத்திரிகர் மடத்தில் படுத்தினோம். கால் வீங்கிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை ஓங்காளித்துச் சத்தி எடுத்தார். வெயில், வெறும் வயிறு என்று நாங்கள் பேசிக்கொண்டோம். இரண்டு மணி போல அவருடைய வாய் சிவந்தது. உதட்டோரத்தால் சிவப்பாக வழிந்தது.

மார்த்தா கண்டுவிட்டுச் சிரித்தாள். "றஞ்சிதமக்கா, தவக்காலத்திலயும் ஒளிச்சு ஒளிச்சு வெத்திலை போடுறியளோ? இவ்வளவு வருத்தத்துக்குள்ளயும் அதுதான் கேக்குதோ?"

மச்சாளுக்குக் கால் நோவைவிட அதுதான் நொந்தது. தலையை நிமிர்த்தப் பார்த்தார். "இல்லை மார்த்தா. மாதாவறிய நான் தொடேல்லை. பிள்ளைக்குத் தெரியும். சொல்லன் பிள்ளை."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அலுமாரித் திறப்பு என் மடியில் இருந்த கைப்பைக்குள் கிடந்தது. அது வெற்றிலை இல்லை, பல்முரசில் இருந்து வரும் ரத்தம் என்று அந்த மடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் ஒன்றும் சொல்லவில்லை. மார்த்தா, "சரி சரி, ஒரு வாய் வெத்திலைக்கு மாதா கோவிக்கமாட்டா" என்று தன் சேலைத் தலைப்பால் அவருடைய வாயைத் துடைத்துவிட்டாள். மார்த்தா எப்படி அதைத் தொட்டாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

நான் சிலுவைப்பாதைக்குப் போனேன். பதினான்கு தலத்திலும் முழந்தாளில் நின்றேன். திரும்பி வந்தபோது றுஸ்தி யாரையும் கேட்காமல் அவரைத் தூக்கிக்கொண்டு வானுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் டொக்டர் காலையும் வாயையும் பார்த்த உடனே புடையன், கண்ணாடி விரியன் என்றார். மருந்து ஏற்றினார்கள். நேரம் போய்விட்டது என்றார்கள். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மச்சாள் போய்விட்டார். மரண விசாரணையில் பாம்புக்கடி என்று எழுதினார்கள். அது உண்மைதான்.

மாதாவின் மண்ணை நாக்கில் வைத்துக்கொண்டு போனவர் என்று ஊரே சொல்கிறது. என் கணவரும், "கடைசியில நீதானே பருக்கினனி, அது போதும் எனக்கு" என்கிறார். கோதுமைப் பிட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு, தமக்கையின் இடத்தைப் பார்த்து அழுகிறார். அவருக்கும் மூக்கால் வழிகிறது.

நீங்கள் அவசரப்பட்டு ஆறுதல் சொன்னீர்கள், சுவாமி. அறியாமல் செய்தது பாவமாகாது, பயத்தில் விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான் என்றீர்கள். நான் பிறந்து வளர்ந்தது கொண்டச்சியில். என் தகப்பன் மரமுந்திரிகைத் தோட்டத்தில் பற்றை வெட்டியவர். எந்தப் பாம்பு எது என்று நடக்கப் பழக முன்னமே எங்களுக்குச் சொல்லித்தந்தவர். புடையனையும் தண்ணிப் பாம்பையும் மாறிப் பார்க்க எனக்கு வராது.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடித்த பிறகு நான் அதைக் காணவில்லை. கடிக்க முன்னம் கண்டேன்.

மச்சாள் இந்தக் கரையில் நின்று பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பறிக்கும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. கரை வளைகிற அந்தப் பக்கம், பத்துப் பன்னிரண்டு எட்டுத் தள்ளிப் பாலை மரத்தடியில், சருகுக்குள், அது சுருண்டு கிடந்தது. முதுகில் சங்கிலிக் கோர்வைபோலப் புள்ளிகள். அது அசையவில்லை. நான் அதைப் பார்த்தேன், பிறகு அவரைப் பார்த்தேன். மூக்கு நுனியில் அந்த மஞ்சள் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. தூரத்தில் மார்த்தா கோப்பைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மச்சாள், அந்தப் பக்கத்துப் பூ நல்ல வடிவு" என்றேன்.

"உனக்கு வேணுமோ பிள்ளை?"

"ஓம்" என்றேன்.

இருபத்திரண்டு வருசத்தில் நான் அவரிடம் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அது. அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாகப் போனார். யாருக்குப் பறிக்கப் போகிறாள் என்று நினைத்ததாகத் தொடக்கத்தில் சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. அந்தப் பூ வானிலேயே வாடிவிட்டது.

இப்போது உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் வலைக்கு அந்தப் பக்கம் நீங்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லுங்கோ மகள், அது போதும், மிச்சத்தை ஆண்டவர் பார்ப்பார் என்கிறீர்கள். அதில் என் பாவத்தை வெறுத்து அருவருக்கிறேன் என்று ஒரு இடம் வரும். எங்களுக்குச் சின்ன வயதில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். அருவருப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், சுவாமி. தொண்டைக்குள் வரும், விரல் நுனியில் நிற்கும். அந்த மரத்தடியை நினைத்துப் பார்க்கிறேன், வரவில்லை. அவருடைய உதடு என் விரலில் பட்டதை நினைத்தால் வருகிறது.

வராததை வந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆண்டவருக்கு முன்னால் பொய் சொல்லும் அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. வேண்டாம் சுவாமி. நான் எழும்புகிறேன். இந்த வலையைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டுத்தான் போகிறேன். அடுத்தவர் முகம் வைக்கும் இடம்.